நகல்: வக்கீலுக்கு

வார்னம்பூல், விக்டோரியா
10 ஆகஸ்ட் 2009

அன்புள்ள அக்கா நோரீனுக்கு,

தம்பி டெஸ் எழுதுவது. நான் சுகம்தான். மழை வருவதை மட்டும் இடது முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உன் இருமல் நின்றதா? தீவுக் காற்று இந்த வருடமும் கூரையைத் தூக்கிப் பார்க்கிறதா?

காரியம் ஆக வேண்டியிருப்பதால் இவ்வளவு நலம் விசாரிக்கிறான் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

வக்கீல்கள் வருடத்துக்குப் பத்து மணி நேரம் படித்தாக வேண்டும் என்று விதி. மணிக்கு ஒரு புள்ளி. மார்ச் முடிவதற்குள் பத்துப் புள்ளி சேர்ந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டால்தான் உரிமத்தைப் புதுப்பிப்பார்கள். என்னைப் போன்ற கம்பெனி வக்கீல்களுக்காக மெல்போர்னில் பெரிய வக்கீல் அலுவலகங்கள் இலவச வகுப்பு நடத்துகின்றன. எங்கள் கம்பெனிகளின் வேலை தங்களுக்கு வரட்டும் என்ற ஆசைதான். படிப்பு கொஞ்சம், சாப்பாடு நிறைய. அதில் ஐந்து புள்ளி தேற்றிவிடுவேன். மீதி ஐந்துக்கு டிவிடி வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பார்த்து முடித்து, கூடவே வரும் தாளில் இருபது கேள்விக்கு விடை எழுதித் தபாலில் போட்டால் சான்றிதழ் வரும்.

மெரிவேல் பால் கம்பெனிக்கு நான் ஒருவன்தான் வக்கீல். செப்டம்பர் பிறந்தால் மாடெல்லாம் கன்று போட்டிருக்கும், பால் வெள்ளமாக வரும், எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. நீயோ தீவின் நகராட்சி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று ரேடியோவில் குதிரைப் பந்தயம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்காக அந்த ஐந்தையும் பார்த்து விடை எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவாயா? ஊரில் யாரும் செய்யாத காரியம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மாமியாரைப் பார்க்க வைத்தார்.

டிவிடிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ மறுக்க மாட்டாய் என்று அவ்வளவு நம்பிக்கை.

உன்,
டெஸ்


வைட்மார்க், ஃபிளிண்டர்ஸ் தீவு
27 ஆகஸ்ட் 2009

அன்புள்ள தம்பி டெஸ்ஸுக்கு,

அக்கா நலம். இருமல் போய்விட்டது, அதன் இடத்துக்கு உன் டிவிடிகள் வந்துவிட்டன. முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மெல்போர்ன் ரயிலில் மூன்று மணி நேரம் காலை மடக்கி உட்காராதே.

மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான்கு நாள் புயலில் தபால் விமானம் வரவில்லை. பேச ஆளில்லாமல் முதல் டிவிடியைப் போட்டேன். ஒப்பந்தங்களைப் பற்றியது. பேசுகிறவர் வில் வடிவ டை கட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்கிறார். பக்கத்து வீட்டு லோர்னா சூடான ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்தவள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தாள். "இந்தாளு சொல்றத என் வீட்டுக்காரர் கேட்டிருந்தா அந்தப் படகை வாங்கியிருக்கவே மாட்டாரு" என்கிறாள்.

இருபதுக்கு இருபது எழுதி அனுப்பிவிட்டேன். நான் பதினைந்து வயதில் படிப்பை நிறுத்தியவள் என்பதை அந்தத் தாள் கேட்கவில்லை.

உன் அக்கா,
நோரீன்


வார்னம்பூல்
20 செப்டம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீயும் லோர்னாவும் நலமாக இருப்பீர்கள். இருபதுக்கு இருபது வாங்கினால் சந்தேகப்படுவார்கள். அடுத்ததில் ஒன்றிரண்டைத் தப்பாக எழுது.

இங்கே பால் வரத்து ஆரம்பித்துவிட்டது, மின்னஞ்சல் வரத்தும்தான். எங்கள் பொது மேலாளர் டிரெவர் லாங்லிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வக்கீலிடம் ஆலோசனை கேட்டு எழுதியதை நீதிமன்றம்கூடக் கேட்டு வாங்க முடியாது அல்லவா? அதனால் கெட்ட செய்தி எதுவானாலும், "டெஸ்ஸுக்கு ஒரு காப்பி போட்டுடுங்கப்பா, அப்புறம் எவனும் அதைத் தொட முடியாது" என்பார். ஒருவரும் என்னிடம் ஆலோசனை கேட்பதில்லை. மேலே 'ரகசியம்' என்றும் கீழே 'நகல்: வக்கீலுக்கு' என்றும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். புளித்த பால், உடைந்த வண்டி, ஆபீஸில் யாரோ யாரையோ திட்டியது, எல்லாம் எனக்கு வரும். நானும் மொத்தமாக ஒரு கோப்புக்குள் தள்ளிவிடுவேன்.

பதினொன்றாம் தேதி மெல்போர்ன் போய் ஒரு புள்ளி வாங்கி வந்தேன். தலைப்பு, 'குவியும் மின்னஞ்சலைச் சமாளிப்பது எப்படி'. சால்மன் மீன் மிக நன்றாக இருந்தது. திரும்பி வந்தால் நூற்று அறுபது மின்னஞ்சல் காத்திருந்தன.

என் கடிதப் பெட்டியின் அடிப்பலகை இற்று விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு கோலின் ஹெகார்ட்டி, எங்கள் ஆலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன், கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். "வக்கீலுக்கு ஆணி அடிக்கத் தெரிஞ்சா உலகம் உருப்பட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உன்,
டெஸ்


வைட்மார்க்
19 அக்டோபர் 2009

அன்புள்ள டெஸ்ஸுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். கடலிலிருந்து மட்டன் பறவைகள் கூடு கட்ட வந்துவிட்டன. வாலபிக் கங்காருகள் என் முட்டைக்கோசைத் தின்றுவிட்டன. சௌக்கியத்தில் அதுவும் சேர்த்தி.

மூன்று டிவிடி முடிந்தது. சான்றிதழ்களும் வந்துகொண்டிருக்கின்றன. என்னிடமே இருக்கட்டும், உன் மேஜையில் காணாமல் போய்விடும். வேண்டுமென்று தப்பாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? படிக்காமலே கோப்புக்குள் தள்ளுகிறேன் என்றாயே, உன்னுடைய ஆலோசனை தேவைப்படுகிற ஒன்று அதற்குள் கிடந்தால்? நகராட்சியில் முப்பது வருடம் தபால் பிரித்தவள் கேட்கிறேன்.

கோலினுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் அக்கா,
நோரீன்


வார்னம்பூல்
14 டிசம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வேலை அப்படி. கிறிஸ்துமஸுக்காக எங்கள் ஆலைச் சீஸ் அனுப்பியிருக்கிறேன். வெயிலில் வைக்காதே.

மீதி இரண்டு டிவிடியை ஜனவரிக்குள் முடித்தால் நல்லது.

கடிதப் பெட்டி இன்னும் வரவில்லை. தபால்காரர் கடிதங்களைப் படியில் வைத்துக் கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போகிறார்.

டெஸ்


வைட்மார்க்
5 ஜனவரி 2010

அன்புள்ள தம்பிக்கு,

புத்தாண்டு உனக்கு உடம்புக்கு நல்லதாக இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. சீஸ் நன்றாக இருந்தது.

அதைச் சுற்றியிருந்த உங்கள் ஊர்ப் பத்திரிகையையும் பிரித்து வைத்தேன். நவம்பர் 28ஆம் தேதி மெரிவேல் ஆலையின் நான்காம் பால் தொட்டியைச் சுற்றியுள்ள இரும்பு நடைபாதை பெயர்ந்து, கோலின் ஹெகார்ட்டி விழுந்துவிட்டார் என்று போட்டிருக்கிறது. இடுப்பும் இரண்டு காலும் முறிந்தனவாம். போகக் கூடாத இடத்துக்கு அவராகவே ஏறினார் என்று உங்கள் டிரெவர் லாங்லி சொல்லியிருக்கிறார்.

இது உன் பக்கத்து வீட்டுக் கோலின்தானே? போன கடிதத்தில் பெட்டியைப் பற்றி எழுதியவன் அவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே. எனக்குப் பயமாக இருக்கிறது, டெஸ். உடனே எழுது.

அக்கா


வார்னம்பூல்
8 பிப்ரவரி 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆமாம், அதே கோலின்தான். மெல்போர்ன் மருத்துவமனையில் இருக்கிறான். நடப்பான் என்கிறார்கள், பழைய மாதிரி இல்லை. விஷயம் தொழிற்சாலைப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர் கையில் இருப்பதால் நான் அதிகம் எழுதக் கூடாது.

ஓர் அறிக்கை இருக்கிறது. அது என் சட்ட ஆலோசனைக்காகவே தயாரிக்கப்பட்டது என்று நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், இன்ஸ்பெக்டர் அதைக் கேட்க முடியாது. ஒரே ஒரு வரி. மார்ச் முடிவதற்குள் வேண்டும் என்கிறார் டிரெவர்.

மார்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்து சான்றிதழையும் அனுப்பிவிடு.

டெஸ்


வைட்மார்க்
22 பிப்ரவரி 2010

அன்புள்ள டெஸ்ஸுக்கு,

அக்கா நலம். நீ நலமில்லை. உன் கையெழுத்தே சொல்கிறது.

கடைசி டிவிடி தொழில் நெறியைப் பற்றியது. நேற்று லோர்னாவோடு இரண்டு முறை பார்த்தேன். ஏழாம் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: பொறியாளரின் அறிக்கை ஒன்றை மேலாளர் வக்கீலுக்கு நகல் போட்டு அனுப்புகிறார். அதனாலேயே அது ரகசியம் ஆகுமா? விடை: ஆகாது. அது முக்கியமாக வக்கீலின் ஆலோசனைக்கென்றே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். எட்டாம் கேள்வி: கம்பெனி வக்கீலுக்குக் கட்சிக்காரர் யார், மேலாளரா, கம்பெனியா? இந்தக் கேள்விக்குத்தான் லோர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கம்பெனின்னு எழுதுடி. மேனேஜர் இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போயிடுவான்" என்றாள். அதுவே சரியான விடை.

இப்போது என் கேள்விகள். அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது? உனக்கு எப்போது வந்தது? அதை யாராவது உன்னிடம் ஆலோசனை கேட்டு அனுப்பினார்களா, இல்லை நகல்தானா?

நோரீன்


வார்னம்பூல்
13 மார்ச் 2010

அக்கா,

நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

நகல்தான். எழுதியவர் ஒரு பொறியாளர். நான்காம் தொட்டி நடைபாதையின் போல்ட்டுகள் துருப்பிடித்து அரித்துவிட்டன, மாற்றும் வரை ஒருவரையும் மேலே ஏற்றாதீர்கள் என்று எழுதியிருந்தார். டிரெவர் மேலே 'ரகசியம்' என்றும் கீழே 'நகல்: வக்கீலுக்கு' என்றும் போட்டார். பால் வெள்ளமாக வரும் நேரத்தில் ஒரு தொட்டியை நிறுத்தினால் பண்ணைக்காரர்களின் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் நிறுத்தவில்லை. அந்த நடைபாதைக்குத் தடை என்று ஒரு சங்கிலிகூட யாரும் கட்டவில்லை. கோலின் போகக் கூடாத இடத்துக்கு ஏறவில்லை. ஏறச் சொன்ன இடத்துக்குத்தான் ஏறினான்.

எனக்கு அது செப்டம்பர் 11ஆம் தேதி வந்தது. நான் சால்மன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைத் திறந்தது நவம்பர் 30. அவன் விழுந்து இரண்டு நாள் கழித்து.

அறிக்கை வெளியே வராவிட்டால் தப்பு முழுவதும் கோலின் தலையில். எனக்கு அது தெரியும். டிரெவர் நேற்று என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு வரிதானே டெஸ். ரிப்போர்ட் வெளிய வந்தா, பதினோரு வாரம் அது யார்கிட்ட கெடந்துச்சுன்னும் கேப்பாங்க இல்ல? நான் உனக்காகவும்தான் சொல்றேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

எனக்கு இன்னும் மூன்று வருடம் வேலை இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதுகிறேன். சான்றிதழ்களை மட்டும் அனுப்பிவிடு. வேறெதுவும் எழுதாதே.

டெஸ்


வைட்மார்க்
18 மார்ச் 2010

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை.

கேட்டபடி ஐந்து சான்றிதழையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். ஐந்திலும் நோரீன் பாஸ்கோ என்றிருக்கும்.

முதல் தாளிலேயே உன் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. விடை என்னுடையது, கீழே உன் பெயர் எதற்கு என்று தோன்றிவிட்டது. நேர்மை என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. அப்பா உன்னைப் பல்கலைக்கழகத்துக்கும் என்னைக் கடை வேலைக்கும் அனுப்பினார். பொறாமைதான் அதிகம். என் பெயருக்கு ஒரு சான்றிதழ் வரட்டுமே என்று ஆசைப்பட்டேன். பிறகு உனக்குச் சொல்ல வெட்கப்பட்டு ஏழு மாதம் மறைத்துவிட்டேன். உனக்கு உதவுவதாகச் சொல்லி ஏமாற்றியிருக்கிறேன். அதற்கு மன்னித்துக்கொள்.

ஆகவே உன்னிடம் இருப்பது ஐந்து புள்ளிதான், அதுவும் சாப்பாட்டுப் புள்ளி. இந்த மாதம் நீ இரண்டு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் பொய்யாக இருக்க நான் துணை போக மாட்டேன். ஒன்றை என்னால் தடுக்க முடிந்தது. மற்றது உன் கையில்.

எட்டாம் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பார்.

அக்கா நோரீன்


வார்னம்பூல்
9 மே 2010

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் தவிர நான் நலம். நீயும் லோர்னாவும் சுகமா? இந்தத் தடவை மட்டன் பறவை எத்தனை ஜாடி உப்புப் போட்டீர்கள்?

உன் கடிதத்தைப் படித்ததும் உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே, இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டே சமைத்தேன், சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அது தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகு அந்த ஒரு வரிதான் மேஜைமேல் இருந்தது. அதில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

மார்ச் 30ஆம் தேதி எங்கள் தலைவர் இசபெல் ரென்னியின் பண்ணைக்குப் போனேன். கம்பெனியின் தலைவர் என்றாலும் மாலையில் பால் கறக்கும் கொட்டகையில்தான் இருப்பார். அறிக்கையைக் காட்டினேன், இது ரகசியம் ஆகாது, இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க வேண்டும் என்பதே கம்பெனிக்கு என் ஆலோசனை என்றேன். பதினைந்து வருடத்தில் முதல் முறையாக நானே போய்ச் சொன்ன ஆலோசனை.

"இது உனக்கு எப்ப வந்துச்சு?"

"செப்டம்பர் பதினொண்ணு."

"எப்ப படிச்சே?"

"அவன் விழுந்து ரெண்டு நாள் கழிச்சு."

அவர் அடுத்த மாட்டின் மடியைக் கழுவி, கறவைக் குழாயை மாட்டிவிட்டுத்தான் திரும்பினார். "என் பாலும் அந்தத் தொட்டியிலதான் விழுது, டெஸ்" என்றார்.

நிர்வாகக் குழு ஏப்ரலில் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. கோலின்மேல் தப்பில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. டிரெவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஜூன் கடைசியில் என்னையும் போகச் சொல்லியிருக்கிறார்கள், அது நியாயமே. ஐந்து புள்ளிதான் வாங்கினேன் என்று வக்கீல் சங்கத்துக்கு உண்மையை எழுதினேன். மீதியை முடிக்கத் தொண்ணூறு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு கோலின் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீடுதான், போக ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வந்த அன்னைக்கே படிச்சிருந்தா, நிறுத்தியிருப்பியா?"

"தெரியல, கோலின்."

"தெரியலையா?"

"'சீசன் முடியட்டும் டெஸ்'னு டிரெவர் சொல்லியிருப்பாரு. நான் சரின்னு தலையாட்டியிருப்பேனோன்னு பயமா இருக்கு."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். நான் எழுந்து வந்தேன். எனக்கு அழுகை வந்தது, அக்கா.

வாசலில் அவன் மனைவி க்வென் பின்னாலேயே வந்து என் கடிதப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். "விழறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே முடிச்சுட்டாரு. பெயின்ட் காயட்டும்னு வெச்சிருந்தாரு. எடுத்துட்டுப் போங்க, இடத்த அடைக்குது" என்றாள்.

புது அடிப்பலகை போட்டிருக்கிறான். மழை இறங்காதபடி மூடியை முன்னால் நீட்டி, பக்கவாட்டில் என் வீட்டு எண்ணை வெள்ளையில் எழுதியிருக்கிறான். நானே ஆணி அடித்து மாட்டினேன். கோணலாகத்தான் நிற்கிறது. அவன் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்.

டிவிடிகளைத் திருப்பி அனுப்பு, புதிய கேள்வித்தாள்களை நானே வரவழைத்துக்கொள்கிறேன். ஐந்தும் பெட்டிக்குள் கொள்ளும், அளந்து பார்த்துவிட்டேன்.

உன் தம்பி,
டெஸ்